ஃபிளாப்பி கண்ட்ரோலர் ஒரு செக்டரைப் படிப்பது எப்படி, இடறினால் கையாள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

டாஸ் காலத்தில் கணினியைத் தொட்டவர்களுக்கு ‘அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?’ (கைவிடவா, மறுபடி முயலவா, தோல்வி என்று விடவா?) என்ற கேள்வி மறந்திருக்காது. டிரைவ் கரகரவென்று இரையும், சற்று ஓயும், மறுபடி இரையும், பிறகு திரையில் அந்த வரி வந்து நிற்கும். ‘ஆர்’ எழுத்தைத் தட்டினால் சில நேரம் எதுவுமே நடக்காததுபோல் ஃபைல் திறந்துகொள்ளும். வெகுநாள் வரை அதை அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். பொழுதுபோக்காக ஒரு குட்டி இயங்குதளம் எழுத உட்கார்ந்து, ஃபிளாப்பிக்கு டிரைவர், அதாவது அந்த வன்பொருளை இயக்கும் நிரல், எழுதியபோதுதான் விஷயம் பிடிபட்டது. டிரைவை ஆட்டுவிக்கும் கண்ட்ரோலர் சில்லு எந்தப் பிழையையும் திருத்துவதில்லை. எந்தக் கட்டத்தில் தன் வேலை நின்றுபோனது என்பதை மட்டும் மூன்று பைட்டுகளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்த மூன்று பைட்டையும் வாசிக்கத் தெரிந்தால், எப்போது ‘ஆர்’ தட்டலாம், எப்போது தட்டக்கூடாது என்பது தெரிந்துவிடும்.

இங்கே பேசுவது என்இசி நிறுவனத்தின் 765 சில்லின் வம்சத்தைப் பற்றி. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது இதுதான். இன்டெலின் 8272 அதே வடிவமைப்பு; பின்னால் வந்த 82077ஏஏ அதன் வளர்ந்த பிள்ளை. வெஸ்டர்ன் டிஜிட்டல் சில்லுகளின் வழிமுறை வேறு, அதை இதில் கலக்கவில்லை. வட்டு என்றால் 3.5 அங்குல, 1.44 எம்பி வட்டு. ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட) எண்களில் வரும் எழுத்துகளை ஒலிப்படியே எழுதுகிறேன்: ஏ1, 4ஈ, எஃப்எஃப் என்று. போர்ட், கட்டளை, நிலை பைட் ஆகியவற்றின் எண்கள் எழுத்து இல்லாவிட்டாலும் ஹெக்ஸ்தான்.

வட்டில் உண்மையில் என்ன இருக்கிறது

வட்டின் ஒவ்வொரு பக்கமும் டிராக் என்ற வளையங்களாகவும், ஒவ்வொரு டிராக்கும் செக்டர் என்ற துண்டுகளாகவும் பிரிந்திருக்கும். 80 டிராக், 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560. இதை ‘1.44 எம்பி’ என்று அழைக்க, ஒரு இடத்தில் 1024ஆலும் இன்னொரு இடத்தில் 1000ஆலும் வகுத்தாக வேண்டும். அந்தப் பெயரை வைத்தவருக்கே வெளிச்சம்.

வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 200 மில்லிவினாடி. நொடிக்கு 5,00,000 பிட் என்ற வேகத்தில் ஒரு சுற்றில் 1,00,000 பிட், அதாவது 12,500 பைட் அடங்கும். ஆனால் நம் தரவு 18 செக்டருக்கும் சேர்த்து 9,216 பைட்தான். மீதி எங்கே போனது? பிழை கையாள்தலின் முதல் பாதி அந்த மீதியில்தான் இருக்கிறது.

டிராக்கின் தலைப்பில் இடைவெளியும் தொடக்கக் குறியுமாக 146 பைட். பிறகு ஒவ்வொரு செக்டருக்கும் இந்த வரிசை: 12 பைட் சுழியம், மூன்று ஏ1, ஒரு எஃப்ஈ. இது முகவரிக் குறி. அடுத்து டிராக் எண், பக்க எண், செக்டர் எண், அளவுக் குறியீடு என நான்கு பைட். அவற்றுக்கான சிஆர்சி, அதாவது பைட்டுகள் சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண், இரண்டு பைட். அதன்பின் 22 பைட் 4ஈ இடைவெளி. மறுபடி 12 சுழியம், மூன்று ஏ1, ஒரு எஃப்பி. இது தரவுக் குறி. பிறகுதான் 512 பைட் தரவு, அதன் சிஆர்சி இரண்டு பைட், கடைசியில் 108 பைட் இடைவெளி. கூட்டினால் செக்டருக்கு 682. பதினெட்டால் பெருக்கி, 146ஐச் சேர்த்தால் 12,422. ஒரு டிராக்கில் 78 பைட்தான் மிச்சம். இறுக்கிக் கட்டிய மூட்டை.

ஒரே செக்டருக்குள் சுழியமும் ஏ1உம் ஏன் இரண்டு முறை? முகவரிப் பகுதி ஃபார்மேட் செய்யும்போது ஒரே முறை எழுதப்படுகிறது. தரவுப் பகுதியோ ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும், ஒருவேளை வேறொரு டிரைவில், சற்றே வேறுபட்ட வேகத்தில், புதிதாக எழுதப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒட்டுப்போட்ட தையல் மாதிரி ஓர் இடம் இருக்கும். அந்தத் தையல் விழுவதற்கான இடம்தான் 22 பைட் இடைவெளி. தையலைத் தாண்டியதும் கண்ட்ரோலர் மறுபடி தாளம் பிடிப்பதற்குத்தான் இரண்டாவது சுழிய வரிசை.

தாளம் பிடிப்பது

வட்டில் 0, 1 என்று எதுவும் எழுதப்படவில்லை. காந்தத் திசை மாறும் இடங்கள் மட்டுமே உண்டு. பிட்டுகளைத் திசைமாற்றங்களாக எழுதும் எம்எஃப்எம் முறையின் விதி எளிது: பிட் 1 என்றால் அதன் நேரக் கட்டத்தின் நடுவில் ஒரு திசைமாற்றம், அடுத்தடுத்து இரண்டு 0 வந்தால் அவற்றின் எல்லையில் ஒன்று. இதனால் இரண்டு திசைமாற்றங்களுக்கு இடைப்பட்ட நேரம் 2, 3, 4 மைக்ரோவினாடி என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். மோட்டார் வேகம் லேசாக ஆடும்; நெருங்கி எழுதிய திசைமாற்றங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். வந்தது 2.4 என்றால் அது 2ஆ, 3ஆ? வேக ஆட்டத்தைப் பின்தொடர்ந்தபடியே இதைத் தீர்மானிப்பது தரவுப் பிரிப்பான் என்ற சுற்று.

சுழியங்களின் வரிசை அதற்குச் சீராக 2 மைக்ரோவினாடிக்கு ஒரு தட்டு கொடுக்கிறது. வேகம் கிடைத்துவிட்டது. ஆனால் பைட் எங்கே தொடங்குகிறது? அதற்குத்தான் ஏ1. முறைப்படி எழுதினால் ஏ1இன் எம்எஃப்எம் வடிவம் 44ஏ9. வட்டிலோ வேண்டுமென்றே ஒரு கடிகாரத் தட்டை விட்டுவிட்டு 4489 என்று எழுதப்பட்டிருக்கும். விதியை மீறிய இந்த வடிவத்தை எந்தத் தரவு பைட்டும் முறைப்படி உண்டாக்க முடியாது. எனவே அது தென்பட்ட இடம்தான் பைட் எல்லை. ‘முகவரிக் குறி காணவில்லை’ என்று கண்ட்ரோலர் முறையிட்டால், அதன் பொருள் இந்த 4489 ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்பதே.

படி 1: மோட்டார்

3எஃப்2 போர்ட்டில் 1சி எழுதுங்கள் (போர்ட் என்பது நிரல் கண்ட்ரோலரோடு பேசும் வாசல்). முதல் டிரைவின் மோட்டார் ஓடும், டிஎம்ஏவும் (பிராசஸரைத் தொடாமல் தரவை நினைவகத்துக்குக் கடத்தும் வழி) இன்டரப்ட்டும் (வேலை முடிந்ததைச் சொல்லும் அழைப்பு) திறக்கும், ரீசெட் விலகும். 3எஃப்7இல் 0 எழுதினால் வேகம் 500 கிலோபிட்டாக அமையும். பிறகு அரை நொடி காத்திருங்கள்.

அந்த அரை நொடியைத்தான் நான் முதலில் விட்டுவிட்டேன். எமுலேட்டரில், அதாவது கணினியைப் போல நடிக்கும் மென்பொருளில், கச்சிதமாக ஓடிய டிரைவர் நிஜ இயந்திரத்தில் முதல் செக்டரிலேயே தோற்றது. இரண்டாம் முயற்சியில் ஓடியது. எமுலேட்டருக்குள் மோட்டார் ஏது, வேகமெடுக்க? கணினியோடு வரும் அடிப்படை நிரலான பயாஸ் வழியாகப் படிப்பவர்களுக்கு ‘மூன்று முறையாவது முயன்று பார்’ என்று பழைய கையேடுகள் சொல்வதற்கும் இதுவே முதல் காரணம். வேலை முடிந்ததும் மோட்டாரை உடனே நிறுத்தாதீர்கள். பயாஸ் சுமார் இரண்டு நொடி ஓடவிட்டுத்தான் அணைக்கும். அடுத்த செக்டரைக் கேட்டு உடனே யாராவது வரக்கூடும்.

படி 2: ரீசெட், ஸ்பெசிஃபை

3எஃப்2இன் 2ஆம் பிட்டை (பிட்டுகளை 0இலிருந்து எண்ணுகிறேன்) 0 ஆக்கி மீண்டும் 1 ஆக்கினால் ரீசெட். இன்டரப்ட் 6 வரும். வந்ததும் ‘சென்ஸ் இன்டரப்ட்’ கட்டளையை, அதாவது 08ஐ, நான்கு முறை கொடுக்க வேண்டும். ஒரே டிரைவ் இருந்தாலும் நான்கு முறைதான், ஏனென்றால் கண்ட்ரோலர் நான்கு டிரைவுக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கிறது. பிறகு ‘ஸ்பெசிஃபை’ கட்டளையில் ஹெட் (வட்டைப் படிக்கும், எழுதும் முனை) நகரும் வேகம் முதலியவற்றைச் சொல்லுங்கள். ரீசெட் செய்யும் ஒவ்வொரு முறையும் ஸ்பெசிஃபையைத் திரும்பக் கொடுத்துவிடுவதே பத்திரம்.

எந்த பைட்டை அனுப்பும் முன்பும் 3எஃப்4 போர்ட்டைப் பாருங்கள். மேலிரு பிட்டும் 10 என்றால் ‘கொடு’, 11 என்றால் ‘எடுத்துக்கொள்’. இதைப் பார்க்காமல் 3எஃப்5இல் பைட்டைத் தள்ளினால் கட்டளை வரிசை ஒரு பைட் இடம் மாறிப்போகும். அதன்பின் வரும் பிழைகளுக்கு எந்த அர்த்தமும் இருக்காது. இந்தக் காத்திருப்புக்கும் ஒரு கால எல்லை வையுங்கள்.

படி 3: டிராக்குக்குப் போவது

ஹெட் எங்கே நிற்கிறது என்று கண்ட்ரோலருக்குத் தெரியாது. ‘ரீகேலிபரேட்’ கட்டளை, அதாவது 07, டிராக் 0க்கான உணரி விழிக்கும் வரை ஹெட்டை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. இதில் ஒரு வேடிக்கை: 765 அதிகபட்சம் 77 அடிதான் எடுக்கும், 82077ஏஏ 79. கடைசி டிராக்கையும் தாண்டி ஹெட் நின்றால் முதல் முயற்சி போதாது. நல்ல டிரைவே ‘பிழை’ என்று சொல்லும். எனவே ரீகேலிபரேட் ஒரு முறை தோற்றால் அது செய்தியே அல்ல. இரண்டாம் முறையும் தோற்றால்தான் கவலைப்பட வேண்டும்.

பிறகு ‘சீக்’, அதாவது 0எஃப். இரண்டுமே முடிவு பைட் தருவதில்லை. இன்டரப்ட் வந்ததும் சென்ஸ் இன்டரப்ட் கொடுத்து, திரும்பி வரும் நிலை பைட் 20ஆக இருக்கிறதா, டிராக் எண் கேட்டபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரீகேலிபரேட்டுக்குப் பின் 70 வந்தால் டிராக் 0 அகப்படவில்லை. ஒரு எச்சரிக்கை: சீக் சரி என்பது கண்ட்ரோலரின் கணக்கு மட்டுமே. இத்தனை அடி தள்ளினேன் என்கிறது. ஹெட் உண்மையிலேயே அங்கே போய்ச் சேர்ந்ததா என்று அது பார்க்கவில்லை. அடி எடுத்த ஹெட் அதிர்வு அடங்க 15 மில்லிவினாடி கொடுங்கள்.

படி 4: டிஎம்ஏ

சேனல் 2. படித்த பைட்டுகள் நினைவகத்தில் எங்கே விழ வேண்டும் என்பதை டிஎம்ஏ சில்லுக்குச் சொல்கிறோம். எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, 512க்கு 511 என்று எழுத வேண்டும். இடம் 64 கேபி எல்லையைக் கடக்கக்கூடாது. கடந்தால் முகவரி சத்தமில்லாமல் எல்லையின் தொடக்கத்துக்கே சுற்றிவந்து, வேறு யாருடைய நினைவகத்தையோ அழித்துவிடும். கண்ட்ரோலர் ‘எல்லாம் சரி’ என்றே சொல்லும். பிழை பைட்டில் தெரியாத பிழைகளில் இதுதான் மோசமானது.

படி 5: கட்டளை

ஒன்பது பைட். முதலில் 46: எம்எஃப்எம் முறையில் படி என்று பொருள். ஒரே கட்டளையில் இரு பக்கத்தையும் தொடர்ந்து படிக்க ஈ6 உண்டு, தொடக்கத்தில் வேண்டாம். அடுத்து பக்கமும் டிரைவும், டிராக், பக்கம், செக்டர், அளவுக் குறியீடு 2, கடைசி செக்டர் 18 (இது மட்டும் வழக்கமான பதின்ம எண்), இடைவெளி 1பி, இறுதியாக எஃப்எஃப். டிராக்கும் பக்கமும் 0இலிருந்து தொடங்கும், செக்டர் மட்டும் 1இலிருந்து. எண்ணைக் கணக்கிடும்போது 18ஆல் வகுத்த மீதியோடு ஒன்றைக் கூட்ட மறக்காதவர் யாருமில்லை.

படி 6: சில்லுக்குள் நடப்பது

ஒன்பதாம் பைட் விழுந்ததும் கண்ட்ரோலர் ஓடும் வட்டில் காது வைக்கிறது. சுழியங்களில் தாளம், ஏ1இல் எல்லை, எஃப்ஈயில் ‘இது முகவரி’ என்ற அறிதல். வரும் நான்கு பைட்டை நாம் கேட்டவற்றோடு ஒப்பிடுகிறது. பொருந்தவில்லையென்றால் அடுத்த செக்டர் வரட்டும் என்று விட்டுவிடும். தேடிக்கொண்டே இருக்கையில் இன்டெக்ஸ் துடிப்பு (சுற்றுக்கு ஒரு முறை டிரைவ் தரும் சைகை) இரண்டு முறை கடந்துவிட்டால் கைவிடும். அதற்கு 400 மில்லிவினாடிக்கு மேல் ஆகாது.

பொருந்தினால், தரவுக் குறியைத் தேடி, 512 பைட்டையும் வந்த கையோடு டிஎம்ஏவிடம் தள்ளிவிடுகிறது. 16 மைக்ரோவினாடிக்கு ஒரு பைட். பழைய 765இல் சேர்த்துவைக்க இடமில்லை. அடுத்த பைட் வருமுன் முந்தையதை யாரும் எடுக்கவில்லையென்றால் தொலைந்தது. 82077ஏஏவில் 16 பைட் வரிசை ஒன்று உண்டு, அதுவும் தானாக இயங்காது, கேட்டு இயக்க வேண்டும்.

கடைசியில் சிஆர்சி. ஏ1களில் தொடங்கி வந்த பைட் அனைத்தையும் 16 பிட் எச்சமாகச் சுருக்கி, வட்டில் எழுதியிருக்கும் எச்சத்தோடு ஒப்பிடுகிறது. அடுத்தடுத்த 16 பிட்டுக்குள் எது சிதைந்தாலும் இது கட்டாயம் பிடிக்கும். எந்த பிட் என்று மட்டும் சொல்லாது. கவனிக்க: சிஆர்சி தவறு என்று தெரியும்போது 512 பைட்டும் ஏற்கெனவே நினைவகத்தில் இறங்கிவிட்டன. பின்னால் இது உதவும்.

படி 7: மூன்று பைட் சாட்சி

இன்டரப்ட் வரும். ஏழு பைட்டைப் படியுங்கள், ஒன்றுகூட விடாமல். மிச்சம் வைத்தால் அடுத்த கட்டளையை அது ஏற்காது. முதல் மூன்று எஸ்டி0, எஸ்டி1, எஸ்டி2. மற்ற நான்கும் வேலை நின்ற இடத்தின் முகவரி.

எஸ்டி0இன் மேலிரு பிட் 00 என்றால் நலம். 10 என்றால் கட்டளையே செல்லாது. பெரும்பாலும் பைட் வரிசை இடம் மாறிய கோளாறு. 01 என்றால் இடையில் நின்றது. மற்ற இரண்டையும் பார்க்க வேண்டும். அவற்றைப் பிட் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, செக்டரைத் தேடிப்போன வழியில் எவ்வளவு தூரம் போனோம் என்று வாசிப்பது நல்லது.

எஸ்டி1இன் 0ஆம் பிட் எழுந்து, எஸ்டி2இன் 0ஆம் பிட் எழவில்லையென்றால் வீட்டு வாசலையே காணவில்லை. ஒரு முகவரிக் குறிகூட அகப்படவில்லை. வட்டு ஃபார்மேட் ஆகாதது, அல்லது வேகம் தவறு. 720 கேபி வட்டை 500 கிலோபிட்டில் படித்தால் இதுதான் வரும். 3எஃப்7இல் 2 எழுதி 250க்கு மாற்றிப் பாருங்கள். பழைய 360 கேபி வட்டை 1.2 எம்பி டிரைவில் போட்டால் 300 கிலோபிட் வேண்டும், காரணம் அந்த டிரைவ் 360 சுற்று சுற்றுகிறது. இங்கே மறுமுயற்சி நூறு செய்தாலும் வீண்.

எஸ்டி1இன் 2ஆம் பிட் என்றால் தெரு சரி, வீட்டு எண் இல்லை. கூடவே எஸ்டி2இன் 4ஆம் பிட் எழுந்தால் தெருவே தவறு: ஹெட் வேறு டிராக்கில் நிற்கிறது. ரீகேலிபரேட் செய்து மறுபடி சீக் செய்யுங்கள். சந்தேகமென்றால் ‘ரீட் ஐடி’, அதாவது 4ஏ, கொடுங்கள். கடந்துபோகும் முதல் முகவரியை அப்படியே எடுத்துத் தரும். அந்தக் கட்டளையின் அருமையைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

எஸ்டி1இன் 5ஆம் பிட் சிஆர்சி பிழை. எஸ்டி2இன் 5ஆம் பிட்டும் எழுந்திருந்தால் தரவில் பிழை, இல்லாவிட்டால் முகவரியில். தரவில் பிழை என்றால் முகவரி நன்றாக இருக்கிறது. திரும்ப எழுதினாலே அந்த செக்டர் பிழைத்துவிடக்கூடும். முகவரியில் பிழை என்றால் டிராக்கை முழுதும் ஃபார்மேட் செய்யாமல் அது திரும்பாது.

எஸ்டி1இன் 4ஆம் பிட் ஓவர்ரன். வட்டின் மேல் குற்றமில்லை, நம் பக்கம்தான் தாமதம். வட்டுக்கான மறுமுயற்சிக் கணக்கில் இதைச் சேர்க்காமல் உடனே திரும்பப் படியுங்கள். எஸ்டி1இன் 7ஆம் பிட், ‘டிராக் முடிந்தது’ என்பது, டிஎம்ஏ இல்லாமல் படிப்பவர்களுக்கு வரும் போலிப் பிழை. போதும் என்று சொல்ல ஆளில்லாததால் கண்ட்ரோலர் கடைசி செக்டரைத் தாண்டப் பார்க்கிறது. தரவு சரியாகவே இருக்கும்.

இன்டரப்ட்டே வராவிட்டால்? டிரைவில் வட்டு இல்லை என்று பொருள் கொள்ளலாம். வட்டு இல்லையென்றால் இன்டெக்ஸ் துடிப்பு இல்லை, துடிப்பு இல்லையென்றால் இரண்டு எண்ணிக் கைவிடவும் வழியில்லை. கண்ட்ரோலர் முடிவில்லாமல் காத்திருக்கும். இரண்டு நொடி பார்த்துவிட்டு ரீசெட் செய்வது நம் பொறுப்பு.

படி 8: மறுமுயற்சியின் படிக்கட்டு

முதலில் 3எஃப்7ஐப் படித்து 7ஆம் பிட்டைப் பாருங்கள். எழுந்திருந்தால் வட்டு மாற்றப்பட்டிருக்கிறது. பழைய வட்டின் நினைப்பில் எதையும் படிக்காதீர்கள், எழுதவே எழுதாதீர்கள். அந்த பிட் அணைய வட்டு உள்ளிருக்க ஹெட் ஒரு அடியாவது நகர வேண்டும். ஏற்கெனவே 0இல் நிற்கும் ஹெட்டுக்கு ரீகேலிபரேட் கொடுத்தால் அது நகராது, பிட்டும் அணையாது. டிராக் 1க்குப் போய்த் திரும்புங்கள்.

சிஆர்சி பிழைக்கு முதல் மூன்று முறை அதே இடத்தில் படியுங்கள். பிறகு இரண்டு டிராக் உள்ளே தள்ளித் திரும்பி வந்து படியுங்கள். அடுத்து வெளியே போய்த் திரும்பி வந்து. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஹெட் மயிரிழை தள்ளி நிற்கும். அந்த மயிரிழையே போதுமானதாக இருக்கலாம். அதன்பின் ரீகேலிபரேட், அதற்கும் மசியாவிட்டால் ரீசெட்டிலிருந்து எல்லாம். முடிந்தால் வேறொரு டிரைவ். வட்டை எழுதிய டிரைவ் எதுவோ அதுவே சிறந்தது.

அதற்குமேல் போனால் இது மீட்பு வேலை. சிஆர்சி தவறினாலும் தரவு நினைவகத்தில் இருக்கிறது என்றேனே, ஒவ்வொரு முறை வந்ததையும் தனியாக வைத்துக்கொண்டு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். பெரும்பாலான இடங்கள் ஒத்துப்போகும். ஆடும் சில பைட்டுகளில்தான் நோய். ஐந்நூறு முறை படித்து ஒரு முறை சிஆர்சி பொருந்தினால் உடனே நம்பிவிடாதீர்கள். குப்பையும் 65,536இல் ஒரு முறை தேர்ச்சி பெறும். மற்ற முயற்சிகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். கிரீஸ்வீசல், கிரையோஃபிளக்ஸ் போன்ற கருவிகள் கண்ட்ரோலரையே ஒதுக்கிவிட்டு, திசைமாற்றங்களின் நேரத்தை நேரடியாகப் பதிவு செய்கின்றன. 2.4 வந்தால் 2ஆ 3ஆ என்ற தீர்ப்பை நிதானமாக மென்பொருளில் எழுதலாம்.

ஆனால் இந்தப் படிக்கட்டில் ஏறும் முன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஹார்ட் டிஸ்க் போலல்ல. ஃபிளாப்பியில் ஹெட் வட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது, நொடிக்கு ஐந்து சுற்று. கிறீச்சென்று சத்தம் வந்தால் உடனே வட்டை வெளியே எடுத்து, உலோக மூடியை விலக்கி, ஒளியில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய வளையமாகக் கோடு தெரிந்தால் காந்தப் பூச்சு உரிந்துகொண்டிருக்கிறது. இனி ஒவ்வொரு மறுமுயற்சியும் தரவைச் சுரண்டும். உரிந்த பொடி ஹெட்டில் ஒட்டியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்து, உலரவிட்டு, இழந்தாலும் பரவாயில்லை என்ற ஒரு வட்டைப் போட்டுச் சோதித்த பிறகே அடுத்த வட்டை உள்ளே விடுங்கள்.